'ஓல்தோ'வுக்குப் பின்னால் 'பட்' ஏன் வருகிறது?

வலிகாமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 27. யாழ்ப்பாண நகரில் தனியார் நிறுவனமொன்றில் வேலை. கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சலும் மாதம் ஒருமுறை அறிக்கையும் எழுதவேண்டிய பொறுப்பு. வெளிநாட்டில் முதுமாணிப் படிப்புக்காக ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதியிருக்கிறார். ஒன்பதுக்கு, கேட்டலில் 7.5, வாசிப்பில் 7, பேச்சில் 7, எழுத்தில் 6. நான்கின் சராசரியான மொத்தப் புள்ளி 7 வந்தும், அவர் விரும்பிய பல்கலைக்கழகம் ஒவ்வொரு பகுதியிலும் 6.5 கேட்பதால் வாய்ப்பு கைநழுவி நிற்கிறது.

அவர் கேட்பவை இவை. ரியூசன் ஆசிரியர் தந்த நாற்பது இணைப்புச் சொற்களை மனப்பாடம் பண்ணி, ஒன்று விடாமல் பயன்படுத்தியும் ஏன் 6? தமிழில் யோசித்து எழுதுவதால்தான் பிழை வருகிறதா? 'பட்' என்று வசனம் தொடங்கினால் மேலாளர் சிவப்புக் கோடு போடுகிறாரே, அது சரியா? மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதா, 'ஏழு உறுதி' என்று விளம்பரம் செய்யும் வகுப்பில் சேர்வதா? கடிதத்தோடு வீட்டில் எழுதிப் பழகிய இரண்டு கட்டுரைகளையும் ஒரு மாத அறிக்கையையும் மூன்று மின்னஞ்சல்களையும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

அனுப்பியவை முழுவதையும் வாசித்தேன். உங்கள் ஆங்கிலம் பலவீனமானதல்ல. காலம், ஒருமை பன்மை, சொல்வளம் எல்லாம் ஏழுக்கு உரிய தரத்தில்தான் இருக்கின்றன. பிழைகள் ஓரிடத்தில் குவிந்திருக்கின்றன. ஒரு கருத்திலிருந்து அதற்கு எதிரான கருத்துக்குத் திரும்பும் இடத்தில், அதாவது 'ஹவ்எவர்', 'ஓல்தோ', 'டிஸ்பைற்', 'நெவர்தலெஸ்' போன்ற சொற்கள் வரும் வளைவில், ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் சறுக்குகிறீர்கள். அந்த ஒரு வளைவைச் சரிப்படுத்தினால் போதும்.

தமிழில் யோசிப்பது குற்றமா?

இல்லை. ஆனால் தமிழும் ஆங்கிலமும் முரணை எங்கே வைக்கின்றன என்பது விளங்கவேண்டும். 'மழை பெய்தபோதிலும் நாங்கள் போனோம்' என்கிறோம். முரண் காட்டும் 'போதிலும்' முதல் துண்டின் கடைசியில், இரண்டு துண்டும் பொருந்தும் இடத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் 'ஓல்தோ' வசனத்தின் தலைப்பக்கம் போய்விடுகிறது. பொருத்தில் மிஞ்சுவது ஒரு கொம்மா மட்டும். அந்த இடத்துக்கு வந்ததும் நம் காதுக்கு ஏதோ குறைவதுபோல் படுகிறது; கை தானாக ஒரு 'பட்' போட்டுவிடுகிறது. உங்கள் முதல் கட்டுரையில் மூன்று இடத்தில் இதுதான் நடந்திருக்கிறது: 'ஓல்தோ இட் இஸ் எக்ஸ்பென்சிவ், பட் பீப்பிள் பை இட்.'

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. 'விலை கூடியபோதிலும், ஆனால் சனம் வாங்குகிறது' என்று சொல்லிப்பாருங்கள். உங்கள் காதே ஏற்காது. ஒரு முரணுக்கு ஒரு சொல் போதும் என்பது இரண்டு மொழிக்கும் பொது. ஆகவே 'ஓல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம். 'பட்' போட்டால் 'ஓல்தோ' வேண்டாம். 'ஓல்தோ'வோடு நடுவில் 'யெற்' வைப்பது பழைய நூல்களில் வரும்; பரீட்சையில் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

தமிழ் இன்னோரிடத்தில் உங்களைக் காப்பாற்றும். 'ஈவ்ன் தோ', 'ஈவ்ன் இஃப்' இரண்டுக்கும் நீங்கள் '-ஆலும்' என்றே பொருள் எழுதி வைத்திருக்கிறீர்கள். 'மழை பெய்தாலும் போனோம்', 'மழை பெய்தாலும் போவோம்' என்ற இரண்டையும் பாருங்கள். முதலாவதில் மழை பெய்தது நடந்த உண்மை. இரண்டாவதில் அது பெய்யலாம், பெய்யாமலும் விடலாம். வேறுபாடு தெரியாவிட்டால் '-ஆலும்' இருக்கும் இடத்தில் '-போதிலும்' வைத்துப்பாருங்கள். 'பெய்தபோதிலும் போனோம்' நன்றாக ஒலிக்கிறது. அது 'ஈவ்ன் தோ'. 'பெய்தபோதிலும் போவோம்' இடறுகிறது. அது 'ஈவ்ன் இஃப்'. இந்தச் சோதனைக்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை.

கொம்மா தாங்காத இடம்

'மழை பெய்தது, எனினும் போனோம்' என்று தமிழில் கொம்மா போட்டு எழுதலாம், குற்றமில்லை. அதே பழக்கத்தில் நீங்கள் ஆங்கிலத்தில் கொம்மா போட்டு 'ஹவ்எவர்' எழுதித் தொடர்கிறீர்கள். உங்கள் மாத அறிக்கையில் மட்டும் இது ஐந்து தடவை. ஆங்கிலத்தில் 'பட்' இரண்டு முழு வசனங்களைக் கட்டிப்போடும் கயிறு. 'ஹவ்எவர்' கயிறல்ல. அது இரண்டாவது வசனத்துக்குள் குந்தியிருக்கும் ஒரு சொல். முன் வசனத்தைப் பிடித்து வைத்திருக்கும் வலு அதற்கில்லை. ஆகையால் அதற்கு முன் முற்றுப்புள்ளி அல்லது செமிகோலன் வரவேண்டும். பின்னால் கொம்மா.

சோதிக்கும் வழி: 'ஹவ்எவர்' என்ற சொல்லை விரலால் மறையுங்கள். இரு பக்கமும் தனித்தனியே நிற்கக்கூடிய முழு வசனங்கள் என்றால் நடுவில் கொம்மா தாங்காது. 'நெவர்தலெஸ்', 'நன்தலெஸ்', 'ஒன் தி அதர் ஹான்ட்' எல்லாம் இதே வகை. 'பட்' இரண்டு முழு வசனங்களை இணைக்கும்போது கொம்மா அதற்கு முன்னால் மட்டும் வரும். 'பட்'டுக்குப் பின்னால் நீங்கள் போடும் கொம்மாக்களை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 'ஹவ்எவர் ஹார்ட் ஹீ ட்ரைஸ்', அதாவது 'எவ்வளவுதான் முயன்றாலும்' என்ற பொருளில் வரும்போது 'ஹவ்எவர்' அடுத்த சொல்லோடு ஒட்டி நிற்கும். அங்கே கொம்மா போட்டால் பொருள் கெட்டுவிடும்.

'டிஸ்பைற்' வேறு சாதி. அதற்குப் பின்னால் பெயர்ச்சொல் வரலாம், 'இங்' என்று முடியும் வினை வரலாம். எழுவாயும் பயனிலையுமாக ஒரு முழு வசனம் வராது. 'டிஸ்பைற் ஹீ வோஸ் சிக்' பிழை. 'டிஸ்பைற் ஹிஸ் சிக்னஸ்', 'டிஸ்பைற் பீயிங் சிக்' சரி. முழு வசனம்தான் வேண்டுமென்றால் 'ஓல்தோ'வுக்கு மாறுங்கள். 'டிஸ்பைற் த ஃபக்ட் தட்' என்று நீட்டினால் இலக்கணம் சரியாகும், ஆனால் வசனம் பாரமாகும். 'டிஸ்பைற் ஒவ்' என்று ஒன்று இல்லை. 'இன் ஸ்பைற் ஒவ்'வில் இருக்கும் 'ஒவ்' இதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் ஒரே பொருள் என்பதால் வரும் குழப்பம்.

எழுத்துக்கூட்டல்: எது ஒட்டும், எது பிரியும்

இந்தச் சொற்கள் பல, துண்டுகள் ஒட்டிப் பிறந்தவை. உச்சரிப்பைக் கேட்டு எழுதினால் பிழைக்கும்; துண்டாக்கி எழுதினால் பிழைக்காது. நீங்கள் நான்கு இடத்தில் 'நெவர்தலெஸ்'ஸின் நடு 'ஈ'யை விட்டிருக்கிறீர்கள். காதுக்கு அது 'நெவர்த்லெஸ்' என்று விழுவதே காரணம். என்-ஈ-வி-ஈ-ஆர், ரி-எச்-ஈ, எல்-ஈ-எஸ்-எஸ் என்று மூன்று மூச்சில் சொல்லுங்கள். 12 எழுத்து, அதில் 'ஈ' நான்கு. 'நன்தலெஸ்' அதே வாய்பாடு: என்-ஓ-என்-ஈ, பிறகு ரி-எச்-ஈ, பிறகு எல்-ஈ-எஸ்-எஸ். பழைய பிரித்தானிய அச்சில் அதை மூன்று சொல்லாகவும் காணலாம்; இன்று ஒரே சொல்.

'வெயரஸ்' ஒரே சொல்: டபிள்யூ-எச்-ஈ-ஆர்-ஈ, ஏ-எஸ். 'ஈவ்ன் தோ' எப்போதும் இரண்டு சொல். 'இன் ஸ்பைற் ஒவ்' எப்போதும் மூன்று சொல். நம் ஊரில் 'இன்ஸ்பைற்' என்று ஒட்டி எழுதும் வழக்கம் பரவலாக இருந்தாலும் அது பிழைதான். 'டிஸ்பைற்' டி-ஈ என்று தொடங்கும், டி-ஐ என்றல்ல. 'ஓல்தோ'வில் ஒரு 'எல்' மட்டும். 'ஓல்வேஸ்', 'ஓல்சோ', 'ஓல்மோஸ்ற்' எல்லாவற்றிலும் அப்படித்தான்.

'தோ'வை மட்டும் தனியாக உட்கார்ந்து பழகுங்கள்: ரி-எச்-ஓ-யூ-ஜி-எச். ரி-எச் முடிந்த கையோடு ஓர் 'ஆர்' நுழைந்தால் அது 'த்ரூ', ஊடாக. கடைசியில் ஒரு 'ரி' ஒட்டினால் அது 'தோட்', எண்ணம். கணினியின் எழுத்துப்பிழை பார்க்கும் வசதியை நம்பமுடியாதது இங்கேதான். 'இன்ஸ்பைற்', 'ஈவ்ன்தோ' என்று ஒட்டி எழுதினால் சிவப்புக் கோடு வரும். 'வெயர் அஸ்' என்றும் 'நெவர் த லெஸ்' என்றும் பிரித்து எழுதினால் வராமல் போகலாம், ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் உண்மையான சொல். 'தோ'வுக்குப் பதில் 'த்ரூ' எழுதினாலும் அதே கதை. பரீட்சையைக் கணினியில் எழுதினால் அங்கே அந்த வசதியே கிடையாது.

ஒவ்வொரு சொல்லையும் நாளுக்கு மூன்று தரம், பார்த்து அல்ல, மறைத்து எழுதுங்கள். பார்த்து எழுதுவது பிரதி பண்ணும் வேலை, நினைவில் நிற்காது. எழுதிய கையோடு அந்த நாளில் நடந்த ஏதாவது ஒன்றைப் பற்றி அதே சொல்லால் ஒரு வசனம் எழுதுங்கள்.

'மாறாக' என்ற ஒரே சொல்

'ஒன் தி கொன்ரறி', 'இன் கொன்ட்ராஸ்ற்' இரண்டுக்கும் அகராதியைப் பார்த்து 'மாறாக' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு. வலிகாமத்தில் மண் சிவப்பு, மணற்காட்டில் வெறும் மணல் என்றால் இரண்டும் உண்மை, பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அது 'இன் கொன்ட்ராஸ்ற்', அல்லது ஒரே வசனத்துக்குள் 'வெயரஸ்'. 'வலிகாமத்து மண் பயிருக்கு உதவாது என்கிறார்கள். அப்படியில்லை, வெங்காயம் செழித்து வளர்கிறது' என்றால் முதலில் சொன்னதை மறுக்கிறோம். அதுதான் 'ஒன் தி கொன்ரறி'. அந்த இடத்தில் 'அப்படியில்லை' என்று போட்டுப்பாருங்கள். பொருந்தாவிட்டால் 'ஒன் தி கொன்ரறி' வேண்டாம்.

நாற்பது சொல் ஏன் 6 தந்தது

ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுத்துப் பகுதி 60 நிமிடம். வரைபடத்தை விவரிக்கும் முதல் வேலைக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொல். இரண்டாவது வேலையான கட்டுரைக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொல், புள்ளியும் முதலாவதைப்போல் இரண்டு மடங்கு. கேள்விக்கு விடை சொன்ன விதம், ஒழுங்கும் இணைப்பும், சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல், நான்குக்கும் சமநிறை. எழுத்துப்பிழை சொல்வளத்தில் அடிக்கும். கொம்மாப் பிழை இலக்கணத்தில் அடிக்கும். இடமறியாமல் அள்ளிப்போட்ட இணைப்புச் சொல் இணைப்பில் அடிக்கும். பிழையாக எழுதிய ஒரே 'நெவர்தலெஸ்' மூன்று பக்கமும் புள்ளியைத் தின்றுவிடும்.

இணைப்புச் சொற்கள் இயந்திரம்போல் வருவது 6க்கு உரிய அடையாளம் என்று புள்ளி வழங்கும் அளவுகோலே சொல்கிறது. இணைப்பு கண்ணில் படாத அளவுக்கு இயல்பாக இருப்பது அதன் உச்சி, 9. ஆகவே சொல் கூடக்கூடப் புள்ளி கூடும் என்ற எண்ணத்தை இன்றோடு விடுங்கள். உங்கள் இரண்டாவது கட்டுரையின் நடுப்பந்தி இது. வசனங்களைத் தமிழில் தந்து, இணைப்பை மட்டும் நீங்கள் எழுதியபடி வைக்கிறேன்:

'ஹவ்எவர், கிராமத்தில் வாடகை குறைவு. ஒன் தி அதர் ஹான்ட், அங்கே வேலை இல்லை. நெவர்தலெஸ், இளைஞர் நகரத்துக்குப் போகிறார்கள். ஒன் தி கொன்ரறி, நகரத்தில் வாடகை அதிகம். ஹவ்எவர், அங்கே மாதச் சம்பளம் உண்டு.'

ஐந்து வசனம், ஐந்து முரண். மூன்றாவதைப் பாருங்கள். வேலை இல்லாததால்தானே போகிறார்கள்? அது விளைவு, அங்கே முரண் எங்கே இருக்கிறது? நான்காவதில் நகரத்து வாடகை குறைவென்று யாரும் சொல்லவே இல்லை. பிறகு எதை மறுக்கிறீர்கள்? இனி இப்படிப் பாருங்கள்:

'கிராமத்தில் வாடகை குறைவு, பட் அங்கே வேலை இல்லை. அதனால் இளைஞர் நகரத்துக்குப் போகிறார்கள். ஓல்தோ நகரத்தில் வாடகை அதிகம், மாதம் முடியச் சம்பளம் கைக்கு வருகிறது.'

முரண் சொல் இரண்டுதான். மிச்சத்தைக் கருத்தே இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு கட்டுரைக்கு இத்தகைய சொல் நான்கோ ஐந்தோ தாராளம். 'பட்', 'ஹவ்எவர்', 'ஓல்தோ', 'ஈவ்ன் தோ', 'டிஸ்பைற்', 'வெயரஸ்', 'ஒன் தி அதர் ஹான்ட்' ஆகிய ஏழும் பிழையில்லாமல் கைக்கு வந்தால் உங்கள் தேவைக்கு அது காணும். வரைபடத்தை விவரிக்கும் முதல் வேலைக்கு 'வெயரஸ்' மிகவும் பொருத்தம். 'ஓல்பீஇற்' அழகான சொல்தான். ஓல், பீ, இற் மூன்றும் ஒட்டியது. ஆனால் அதற்குப் பின்னால் முழு வசனம் வராது, பெயரடையோ சிறு தொடரோதான் வரும். அதைப் பிறகு பார்க்கலாம்.

மேலாளரின் சிவப்புக் கோடு

'பட்' என்று வசனம் தொடங்கக்கூடாது என்று ஆங்கில இலக்கணத்தில் விதி இல்லை. பழைய ஆங்கில வேதாகமத்தைத் திறந்தால் 'பட்' என்று தொடங்கும் வசனங்கள் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். ஆனால் அலுவலக அறிக்கை நிறுவனத்தின் பெயரில் போகிறது. அதன் நடையைத் தீர்மானிக்கும் உரிமை மேலாளருக்கு உண்டு. அதை விதியாக அல்ல, அவருடைய விருப்பமாக எடுத்துக்கொண்டு அங்கே 'ஹவ்எவர்' போடுங்கள். பரீட்சையிலும் ஓரிரு இடத்துக்கு மேல் 'பட்' என்று தொடங்காமல் இருப்பது நல்லது.

மின்னஞ்சலில் நான் கூடுதலாகக் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. உங்கள் முதல் மின்னஞ்சல் வாடகை ஒப்பந்தம் பற்றியது. அதில் 'நொட்வித்ஸ்ரான்டிங்' என்ற சொல்லை அழகுக்காகச் சேர்த்திருக்கிறீர்கள். ஒப்பந்தமொன்றில் 'நொட்வித்ஸ்ரான்டிங் 4ஆம் பிரிவு' என்று எழுதினால், 4ஆம் பிரிவு என்ன சொன்னாலும் இந்தப் பிரிவே மேலோங்கும் என்பது பொருள். 'சப்ஜெக்ட் ரு 4ஆம் பிரிவு' என்றால் அதற்கு நேர் எதிர். 4ஆம் பிரிவே மேலோங்கும். இந்த இரண்டையும் மாற்றிப்போட்டால் உரிமை கைமாறிவிடும். சட்டத்தரணி எழுதித் தந்த இடத்தைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல்லைத் தொடவேண்டாம்.

மறுமதிப்பீடா, வகுப்பா?

பரீட்சை நாளிலிருந்து 6 வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுத்துப் பகுதியை மட்டும் கேட்கலாம். புள்ளி கூடினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், கூடாவிட்டால் கிடைக்காது. விடைத்தாளைத் திருப்பித் தரமாட்டார்கள், ஆகவே எங்கே பிழைத்தீர்கள் என்பதும் தெரியவராது. நீங்கள் அனுப்பிய கட்டுரைகளைப் பார்க்க, 6 உங்களுக்கு அநியாயமாகப் போட்ட புள்ளியாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் காசை அடுத்த பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருப்பதே நல்லது.

புள்ளியைப் போடுகிறவர் பரீட்சகர். 'ஏழு உறுதி' என்று சொல்லும் அதிகாரம் எந்த வகுப்புக்கும் கிடையாது. மனப்பாடம் பண்ணிய வசனக்கட்டுகளைக் கண்டால் பரீட்சகர் புள்ளியைக் குறைப்பார். அப்படிக் கட்டுகளைத் தரும் வகுப்பு உங்களை இன்னும் பின்னுக்கு இழுக்கும். வகுப்புக்குப் போவதானால், வாரம் ஒரு கட்டுரையைத் திருத்தி, ஏன் பிழை என்று எழுதித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே ஆறு கிழமை பழகலாம். கிழமைக்கு இரண்டு கட்டுரை, 40 நிமிடக் கணக்கில். எழுதி ஒரு நாள் கழித்துப் பென்சிலை எடுத்து, முரண் சொல் ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு, அதன் இரு பக்கத்துப் புள்ளி கொம்மாவை வட்டமிட்டு, மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

கடைசியாக, மாத முடிவில் வழங்குநருக்கு அனுப்பப்போவதாக எழுதியிருக்கும் மூன்றாவது மின்னஞ்சல். அதன் இரண்டாவது வரி 'ஈவ்ன் தோ யூ றிஜெக்ட் அவர் ஒஃபர்' என்று தொடங்குகிறது. அவர் இன்னும் பதிலே தரவில்லை என்கிறீர்கள். அந்த வரியோ அவர் மறுத்துவிட்டார் என்று சொல்கிறது. அனுப்புவதற்கு முன் 'தோ'வை எடுத்துவிட்டு 'இஃப்' போடுங்கள்.